சேகோ ஆலைக்குப் பாசிக் குளம் கொடுங்கள், சாயப்பட்டறைக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆலைக் கழிவுநீரில் நுண்பாசி வளர்த்து அதைச் சுத்தம் செய்யலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுதியதற்கே முதலில் நன்றி. ஆனால் தோல் ஆலை, சாயப்பட்டறை, பால் பண்ணை, சேகோ (ஜவ்வரிசி) ஆலை என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்து, அத்தனைக்கும் பாசியே மருந்து என்று முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதை நம்பி ஒரு முதலாளி பணம் போட்டு ஏமாறலாம். இன்னொருவர் அதையே சாக்காக வைத்து, செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப் போடலாம். இரண்டுமே நடக்கக்கூடியவை.

நான் தாவரவியல் படித்தவள். ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலையில் மாவுப் பரிசோதனையும் கழிவுநீர்ப் பகுதியும் என் பொறுப்பு. சேலம், நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு சேகோ தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தால்கூட, எந்த ஊரில் ஆலை ஓடுகிறது என்று வாடையை வைத்துச் சொல்லிவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்காக கொஞ்சம் விளக்குகிறேன். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கிக் கழுவி அரைத்து, சல்லடையில் திப்பியை, அதாவது நார்ச் சக்கையை, பிரித்தால் மாவுப்பால் கிடைக்கும். அதைத் தொட்டியில் நிற்க வைத்தால் மாவு அடியில் தங்கும், மேலே தெளிந்த தண்ணீரைத் திறந்து விடுவோம். கிழங்கு கழுவிய தண்ணீரும் இந்தத் தண்ணீரும்தான் எங்கள் கழிவு. பார்த்தால் மோர் மாதிரி இருக்கும். சில மணி நேரத்தில் புளித்துவிடும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம்) நாலு, நாலரைக்கு இறங்கிவிடும். ஒரு நாள் கழித்து அழுகல் வாடை வரும். அதை அப்படியே ஓடையில் விட்டால் தண்ணீரில் உள்ள பிராணவாயு முழுவதையும் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும், மீன் செத்து மிதக்கும். திருமணிமுத்தாறு நாறிப்போனதில் சேலம் நகரத்துச் சாக்கடைக்கும் பங்கு உண்டு, சாயத்துக்கும் உண்டு, எங்கள் தொழிலுக்கும் உண்டு. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

ஆனால் இந்தத் தண்ணீரில் என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். குரோமியம் இல்லை, ஈயம் இல்லை, சாயம் இல்லை, மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பு இல்லை. இருப்பது மாவும் சர்க்கரையும் புளிப்பும். அதாவது உயிர்கள் தின்னக்கூடிய பொருள். அதனால்தான் பாசி இங்கே வேலை செய்யும் என்கிறேன்.

பாசி எப்படி வேலை செய்கிறது என்பதில் கட்டுரையில் ஒரு குழப்பம் இருந்தது. பாசியே அழுக்கைத் தின்றுவிடும் என்பதுபோல் படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். மாவையும் சர்க்கரையையும் பெரும்பாலும் தின்பது பாக்டீரியா. அதற்குப் பிராணவாயு வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் அதை ஏரேட்டர் மோட்டார் ஓட்டிக் கொடுக்கிறோம், கரண்ட் பில்லில் பெரும் பகுதி அதற்கே போகும். பாசிக் குளத்தில் அந்தப் பிராணவாயுவை வெயிலை வைத்துப் பாசி தயாரிக்கிறது. பாக்டீரியா வெளிவிடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது, கூடவே தண்ணீரில் இருக்கும் அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வளர்கிறது. இது நேற்று வந்த கண்டுபிடிப்பு இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஓர் அடி ஆழம் மட்டுமே உள்ள, ஓட்டப்பந்தயப் பாதை மாதிரி வளைந்து வரும் குளம், அதில் தண்ணீரை மெதுவாகத் தள்ளிவிடும் ஒரு துடுப்புச் சக்கரம். இன்றும் உலகமெங்கும் கட்டுவது இந்த வடிவத்தைத்தான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கணக்கு இல்லாமல் பாசியைப் பற்றிப் பேசுவதுதான் இங்கே பெரிய பிரச்சினை.

நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் விடும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். குளத்தில் தண்ணீர் 6 நாள் தங்க வேண்டும், ஆழம் 30 சென்டிமீட்டர் என்றால், 2,000 சதுர மீட்டர் இடம் வேண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சில் 50 சென்ட், அரை ஏக்கர். நம் வெயிலுக்கு ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 10 கிராம் பாசி வளரும் என்று குறைத்தே வைத்தாலும், அந்த அரை ஏக்கரில் தினம் 20 கிலோ உலர்ந்த பாசி விளையும். ஒரு கிராம் பாசி வளரும்போது சுமார் ஒன்றரை கிராம் பிராணவாயு வெளிவரும். ஆக 30 கிலோ பிராணவாயு. இதே 30 கிலோவை ஏரேட்டரால் கொடுக்க வேண்டுமானால், தினம் சுமார் 25, 30 யூனிட் மின்சாரம் ஆகும். துடுப்புச் சக்கரத்துக்கு ஒரு சின்ன மோட்டார் போதும்.

சரி, 30 கிலோ பிராணவாயு எதற்குப் போதும்? ஒரு லட்சம் லிட்டரில், லிட்டருக்கு 300 மில்லிகிராம் பி.ஓ.டி. (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு வேண்டிய பிராணவாயுவின் அளவு) இருந்தால் அதற்குச் சரியாக இருக்கும். ஆனால் எங்கள் ஆலையிலிருந்து நேராக வரும் தண்ணீரில் பி.ஓ.டி. ஆயிரக்கணக்கில் இருக்கும். 4,000 என்று வைத்தால் 400 கிலோ பிராணவாயு வேண்டும். அதற்கு ஆறேழு ஏக்கர் குளம் வெட்ட வேண்டும். எந்த ஆலையிடம் இருக்கிறது அவ்வளவு நிலம்? அதனால் சேகோ தண்ணீரை நேராகப் பாசிக் குளத்தில் விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் பயோகேஸ் கலன். அதில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா பெரும்பகுதியைத் தின்று மீத்தேன் வாயுவாக்கிக் கொடுக்கும், ஆலைக்கு எரிபொருள் மிச்சம். கலனை விட்டு வெளியே வரும் தண்ணீர் கறுப்பாக, அம்மோனியா வாடையோடு இருக்கும். பல ஆலைகள் இங்கேதான் தடுமாறுகின்றன. வாயு கிடைத்துவிட்டது, மிச்சத் தண்ணீரை ஒரு குட்டையில் தேக்கினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பாசிக்கு ஏற்ற தண்ணீர் அதுதான். மாவுத்தண்ணீரில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் குறைவு. கலனில் கரிமம் வாயுவாக வெளியேறிவிடுகிறது, நைட்ரஜன் அம்மோனியாவாகத் தண்ணீரிலேயே தங்குகிறது. பாசி கேட்கும் அளவுக்கு அது வந்து நிற்கிறது.

எங்கள் ஆலையில் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கலனுக்குப் பின்னால் கிடந்த பழைய குட்டையைத் தூர்த்து ஓர் அடி ஆழமாக்கி, நடுவில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, ராசிபுரத்து லேத் பட்டறையில் துடுப்புச் சக்கரம் செய்து வாங்கிப் போட்டோம். இடம் போதாததால் பாதித் தண்ணீரைத்தான் அதில் விடுகிறோம். முதல் வாரம் கறுப்பாகவே சுற்றியது. வெளிச்சம் உள்ளே இறங்காவிட்டால் பாசி பிடிக்காது. நல்ல தண்ணீர் கலந்து கொஞ்சம் தெளிய வைத்த பிறகு பச்சை ஏறியது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குளோரெல்லா, செனடெஸ்மஸ் என்ற இரண்டு வகைப் பச்சை நுண்பாசிகள். யாரும் கொண்டுவந்து விடவில்லை, தானாக வந்தவை. வாடை போய்விட்டது என்பதை முதலில் சொன்னவர்கள் ஆலைக்குள் இருந்த நாங்கள் இல்லை, வேலியை ஒட்டி மஞ்சள் போட்டிருக்கும் பக்கத்து நிலத்து அக்காதான்.

தானாக வருகிறது என்று இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கேனில் பச்சைத் திரவத்தை நிரப்பிக்கொண்டு ஆலை ஆலையாக வருகிறார்கள். "இதை மாதம் ஒரு கேன் ஊற்றுங்கள், ஏரேட்டரை நிறுத்திவிடலாம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்துச் சாம்பிள் பாஸாகும்" என்கிறார்கள். எங்கள் முதலாளியிடமும் ஒருவர் விற்றுவிட்டுப் போனார். ஊற்றியது மூன்றடிக்கு மேல் ஆழமுள்ள தொட்டியில். வெயில் அடிக்குப் போகாத தொட்டியில் எந்தப் பாசியும் பிழைக்காது. பாசி விற்க வருகிறவர் குளத்தின் ஆழம், பரப்பு, தண்ணீர் தங்கும் நாள் ஆகிய மூன்றையும் கேட்கவில்லை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். தனித்த வகைப் பாசி தேவைப்படும் கழிவுநீர் உண்டு, மறுக்கவில்லை. அதைச் சோதனை செய்து தேர்ந்தெடுக்க வேண்டும், கேனில் பொதுவாக விற்க முடியாது.

அப்புறம் ஒரு முக்கியமான சிக்கல். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தையும் இல்லை. பாசி வளர்ப்பது எளிது, வளர்ந்த பாசியைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதுதான் கஷ்டம். ஒரு பாசி செல் சில மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு) அளவே இருக்கும். சாதாரணத் துணியில் வடிகட்டினால் தண்ணீரோடு அதுவும் போய்விடும். ஸ்பைருலினா என்ற பாசி சுருள் சுருளாக இழை போல் இருப்பதால் துணியில் நிற்கும், எங்கள் குளத்தில் வளர்வது நிற்காது. நாங்கள் ஒரு தெளிவுத்தொட்டி கட்டி, படிகாரம் போட்டு, இரவு முழுவதும் அசையாமல் விடுகிறோம். காலையில் அடியில் பச்சைக் கூழாகத் தங்கியிருக்கும். அதை மணல் பாத்தியில் காய வைக்கிறோம். இந்த வேலையைச் செய்யாமல் பச்சைத் தண்ணீரை அப்படியே ஏரியில் விட்டால் பிரயோசனமே இல்லை. பாசி அங்கே போய்ச் சாகும், அழுகும், மறுபடியும் பிராணவாயுவைத் தின்னும். அழுக்கை வேறு உருவத்தில் மாற்றி ஊராருக்கு அனுப்பியதாகத்தான் ஆகும்.

காய்ந்த பாசியில் நைட்ரஜன் 6, 7 சதவீதம் இருக்கும். மேலே சொன்ன 20 கிலோவை விடாமல் எடுத்துவிட்டால், கணக்குப்படி மாதத்துக்கு இரண்டு மூட்டை யூரியாவில் இருக்கும் அளவு நைட்ரஜன் கிடைக்கும். மரவள்ளிக் காட்டுக்கே அதைத் திருப்பிப் போடலாம். மாட்டுக்குப் போடலாமா என்று கேட்கிறார்கள். சோதிக்காமல் போடாதீர்கள். மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் இருக்கிறது என்பது கிழங்குக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஒரு வேண்டுகோள். ஆற்றிலோ ஓடையிலோ விடும் தண்ணீருக்கு லிட்டருக்கு பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. (ரசாயன முறையில் அளக்கும் பிராணவாயுத் தேவை) 250, மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 5.5க்கும் 9க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி. விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை, தளர்த்தவும் கூடாது. ஆனால் பாசிக் குளத்துத் தண்ணீர் மணிக்கு மணி மாறும். மதியம் மூன்று மணிக்குப் பாசி கரியமில வாயுவை எல்லாம் இழுத்துவிடுவதால் பி.எச். 9ஐத் தாண்டிவிடும், பிராணவாயு நிரம்பி வழியும். விடியற்காலை ஐந்து மணிக்கு அதே குளத்தில் பி.எச். இறங்கியிருக்கும், பிராணவாயு அடிமட்டத்தில் இருக்கும், ஏனென்றால் இரவில் பாசியும் மூச்சு விடுகிறது. ஒரு வேளைச் சாம்பிளை வைத்து இந்தக் குளத்தை நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எடுத்துக் கலந்து சோதியுங்கள். வடிகட்டிய தண்ணீரில் ஒரு பி.ஓ.டி., வடிகட்டாததில் ஒரு பி.ஓ.டி. என்று இரண்டும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாசி எவ்வளவு வெளியேறுகிறது, ஆலைக்காரர் தெளிவுத்தொட்டியை ஒழுங்காகப் பார்க்கிறாரா என்பதைச் சொல்லும். ஐரோப்பாவில் 1991ஆம் ஆண்டு நகரக் கழிவுநீர்ச் சட்டத்திலேயே, குளங்களில் சுத்திகரித்த தண்ணீரை வடிகட்டித்தான் சோதிக்க வேண்டும், ஆனால் வடிகட்டாத தண்ணீரில் திடப்பொருள் 150ஐத் தாண்டக் கூடாது என்று தனியாக எழுதி வைத்தார்கள். நமக்கு அந்த எண்ணே வேண்டும் என்பதில்லை. பாசிக் குளத்துக்கென்று ஒரு சோதனை முறை எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான். அது இல்லாததால் ஓர் அதிகாரி பச்சையைப் பார்த்ததும் சுத்தமாகிவிட்டது என்கிறார், அடுத்து வருபவர் அதே பச்சையைப் பார்த்து மாசு என்று நோட்டீஸ் கொடுக்கிறார்.

இப்போது சாயப்பட்டறைக்கு வருகிறேன். பனியன் துணிக்குச் சாயம் ஏறுவதற்கு உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு துணியில் தங்காது, அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் பெரும் பங்கு அந்த உப்புக்கு. 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அணையின் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பிறகு திறந்தார்கள். கரைந்த உப்பைப் பாசி எடுக்காது. எந்தப் பாசியும் எடுக்காது என்று அடித்துச் சொல்கிறேன். உப்புத் தண்ணீரில் வளரும் பாசி உண்டு, அது உப்பில் வாழும், உப்பைக் காலி செய்யாது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வும் ஆவியாக்கும் கலனும்தான் வழி. அவை செலவு பிடிக்கும் இயந்திரங்கள் என்பது எனக்கும் தெரியும். அந்தச் செலவைப் பாசியைக் காட்டித் தவிர்க்க யாராவது மனுப் போட்டால், நொய்யல் கரை விவசாயிகள் பழையபடி நடுத்தெருவில் நிற்க வேண்டிவரும். சவ்வுக்கு முன்னால் உள்ள ஏதாவது ஒரு கட்டத்தில் பாசி உதவக்கூடும். சவ்வுக்குப் பதிலாக உதவாது. சாயத்தின் நிறம் வெளிச்சத்தை மறைத்துவிடும் என்பது வேறு.

தோல் ஆலை விஷயம் இன்னும் ஆபத்தானது. தோல் பதனிடப் போடும் குரோமியம் பாசியின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. ஆய்வகத்தில் குடுவையில் செய்து காட்டுவார்கள், தண்ணீரில் குரோமியம் குறைந்திருக்கும். குறைந்த குரோமியம் எங்கே போனது? பாசிக்குள் போனது. அந்தப் பாசி அதற்குப் பிறகு உரமில்லை, தீவனமில்லை, அபாயக் கழிவு. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையில் மலையாகக் குவிந்த குரோமியக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதை நாம் பார்த்துவிட்டோம். 2015 ஜனவரியில் அதே ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். சேறு எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத எந்தச் சுத்திகரிப்பையும் அந்த மண்ணில் இனி அனுமதிக்கக் கூடாது.

அதே ராணிப்பேட்டையில் நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்கும் ஸ்நாப் நிறுவனத்தில், சென்னை விவேகானந்தா கல்லூரியின் பேராசிரியர் வி. சிவசுப்பிரமணியன் குழுவினர் 2006இல் நுண்பாசியை வைத்துக் கழிவுநீர் நிலையம் அமைத்தார்கள். அங்கே கழிவுநீர் கடும் அமிலமாக வரும். முன்பு காஸ்டிக் சோடா போட்டுச் சமன் செய்தார்கள், அதனால் சேறு குவிந்தது. பாசி வளர்ந்து பி.எச்.ஐ உயர்த்தியதும் ரசாயனமும் குறைந்தது, சேறும் குறைந்தது. அவர்கள் முதலில் அந்தத் தண்ணீரைப் படித்தார்கள், அதில் பிழைக்கும் பாசியைத் தேடினார்கள், அப்புறம்தான் தொட்டி கட்டினார்கள். நம் மாநிலத்துக் கல்லூரி ஒன்று இவ்வளவு முன்னாலேயே செய்து காட்டியதை, கலிஃபோர்னியாவையும் ஜெர்மனியையும் தேடிப் போகாமல், உங்கள் நிருபர் நேரில் பார்த்து விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

சேகோவுக்கு இன்றுவரை அப்படி எல்லோரும் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு மாதிரிக் குளம் எங்கள் பக்கம் இல்லை. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அந்தப் பெயரைத் தாங்கும் தண்ணீரையும் யாராவது கவனிக்க வேண்டும். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் எங்கள் எல்லோருக்கும் பொதுவானது. பயோகேஸ் கலன் ஏற்கெனவே உள்ள ஓர் உறுப்பினர் ஆலையைத் தேர்ந்தெடுத்து, அரை ஏக்கரில் குளமும் தெளிவுத்தொட்டியும் காய வைக்கும் பாத்தியும் கட்டி, வரவு செலவையும் சோதனை முடிவுகளையும் மாதாமாதம் வெளியில் ஒட்டி வைத்தால் போதும். கெட்ட மாதத்து முடிவையும் சேர்த்து ஒட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் பாசி மந்தமாகிவிடும். சில நேரம் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் பெருகி இரண்டே நாளில் குளத்தையே மேய்ந்துவிடும், பச்சைத் தண்ணீர் பழுப்பாகிவிடும். அப்போது தண்ணீரை எங்கே தேக்குவது என்பதற்கு ஒரு காலித் தொட்டி கட்டாயம் வேண்டும். நல்லவேளையாக, எங்கள் பக்கம் கிழங்கு வரத்து உச்சத்தில் இருப்பது தை, மாசி, பங்குனியில். வெயிலும் அப்போது நன்றாக இருக்கும்.

அடுத்த கிழங்குப் பருவத்துக்குள் குளம் ஓட வேண்டுமானால், நிலம் பார்ப்பதையும் மண் வேலையையும் ஆடிக்குள் தொடங்க வேண்டும். சேகோசர்வ் நிர்வாகமும் வாரியத்தின் சேலம், நாமக்கல் அதிகாரிகளும் இதைப் படித்தால், எங்கள் குளத்தின் நோட்டுப் புத்தகத்தை முதலாளியின் சம்மதத்தோடு காட்டத் தயாராக இருக்கிறேன். காலை ஐந்து மணி அளவும், மதியம் மூன்று மணி அளவும், பழுப்பாகிப்போன நாட்களும் எல்லாம் அதில் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ராசிபுரம்.